பெயர் சொன்னால் வரும் வாத்து

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைக் கதையாக எழுத உட்காரவில்லை. என் அக்கா மகன் ஒரு பத்திரிகை நடத்துகிறான். "மாமா, பழைய வீடியோ கேம் பெட்டிக்கு எக்ஸ்ட்ராவா விக்கிற சாமானெல்லாம் வாங்கலாமா வேண்டாமான்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. உங்க புளுகு எதுவும் வேண்டாம்" என்றான். காலையில் ஒழுங்கான கட்டுரையாகத்தான் தொடங்கினேன். மதியத்துக்குள் அது கதையாகிவிட்டது. ஏன் என்று ஐந்தாம் பகுதியில் வரும். அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் மீளவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அச்சுக்கோப்பவர் மன்னிக்கட்டும்.

2

தொடக்கம் ஒன்று: "பழைய வீடியோ கேம் பெட்டி என்பது" (அடித்துவிட்டேன். 'என்பது' என்று தொடங்கும் எதையும் நானே படிப்பதில்லை.)

தொடக்கம் இரண்டு: "அந்தக் கடைக்குள் நுழைந்தபோது எனக்குத் தெரியாது, இன்னும் சற்று நேரத்தில்" (யாருக்குத்தான் தெரியும். இதையும் அடித்துவிட்டேன்.)

தொடக்கம் மூன்று: "வாங்காதீர்கள்."

இது நல்ல தொடக்கம். நல்ல முடிவும் இதுவே. எல்லாச் சாமானையும் நான் பார்த்தவன். டிவியை நோக்கிச் சுடும் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதனால் இரண்டு செய்தி வாசிப்பாளர்கள் வேலையை விட்டே போனார்கள். மிதித்து ஓடும் பாய் ஒன்று. மாடியில் நான் ஓடினேன், கீழ்வீட்டுக்காரர் இளைத்தார். தூண்டில் ஒன்று. திரையில் நான் பிடித்த மீனைப் பக்கத்து வீட்டுப் பூனை இன்றுவரை என்னிடம் கேட்கிறது. எதுவும் காசுக்குத் தகாது.

ஆனால் மைக் ஒன்று இருக்கிறது.

3

என் மனைவிக்குத் தொண்டையில் ஒரு சின்ன அறுவை. குரல் நாணில் வளர்ந்திருந்த கட்டியை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை. சில வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார் தொண்டை டாக்டர். திறக்கவில்லை. பிறகு, "இனிமே பேசலாம்மா. பேசித்தான் ஆகணும். இப்படியே விட்டீங்கன்னா குரல் மங்கிப்போயிடும், அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அதற்கும் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

கல்யாணமான நாளிலிருந்து என் வாக்கியங்களை அவள்தான் முடித்து வைப்பாள். இப்போது நானே முடிக்க நேர்ந்தது. (முதல் வாரம் எனக்கு அது பிடித்திருந்தது. இந்த வரியை அடிக்கலாமா என்று யோசித்தேன். கிடக்கட்டும்.) இரண்டாம் வாரத்திலிருந்து வீடு காது அடைத்தது போல ஆனது. காலிங்பெல் அடித்தது, குக்கர் கத்தியது, குழாய் சொட்டியது. "ஏங்க" மட்டும் இல்லை.

எல்லாப் பேச்சும் கரண்டியால்தான். மேசையில் ஒருமுறை தட்டினால் சரி. இருமுறை தட்டினால் வேண்டாம். நிறுத்தாமல் தட்டினால் அது என்னைப் பற்றிய பொதுவான கருத்து.

பகலெல்லாம் எங்கள் மகன் விட்டுப்போன பழைய கேம் பெட்டியைப் போட்டு, டிவியின் சத்தத்தையும் அணைத்துவிட்டு, வாயில்லாப் பொம்மைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

4

பழைய கேம் சாமான் விற்கும் கடைக்காரரை எல்லோரும் 'ஈயம்' என்பார்கள். எந்நேரமும் ஒயருக்கு ஈயம் பற்றவைக்கும் வாசனை அவர்மேல் அடிக்கும்.

"இந்த மைக் வேஸ்ட் சார். ஒரே ஒரு கேசட்டுக்குத்தான் ஆகும். அதுல ஒரு வாத்து. கூப்பிட்டா வரும்."

"என்னன்னு கூப்பிடணும்?"

"ஹோன்னு கத்துங்க, டுர்ருன்னு கத்துங்க. அதுக்கு மொழி கிழி எதுவும் தெரியாது. ஆனா முதல்ல யார் கூப்பிடுறாங்களோ அந்தக் குரலுக்குத்தான் அப்புறம் வரும். வேற யார் தொண்டை கிழிஞ்சாலும் கல்லு மாதிரி நிக்கும்."

"கூப்பிட்ட உடனே வருமா?"

"எங்க சார். முதல் தடவை ஓடி வரும். அப்புறம் பத்துத் தடவை கூப்பிட்டா ஒரு தடவை நகரும்."

"அப்போ பத்துத் தடவை வாயைத் திறக்கணும்."

"அதான் சொல்றேன், தண்டம்."

"அந்தத் தண்டத்தைத்தான்யா தேடிக்கிட்டிருக்கேன்."

(இந்த ஆளை நான் நம்பவில்லை. தன் சரக்கைத் தானே வேண்டாம் என்கிற கடைக்காரர் கதையில் நிற்க மாட்டார். கொஞ்சம் திருட்டுமுழி கொடுத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. கடைசியில் உள்ளபடியே விட்டுவிட்டேன்: போன முறை வாங்கியவரின் வீட்டம்மா கடைக்கே வந்து திட்டியிருக்கிறார், அந்தப் பயம்.)

"நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் வெச்சுப் பாருங்க. பிடிக்கலன்னா திருப்பிடுங்க. மாட்டேன்னு சொல்லல" என்றார். இது நேற்று.

5

இன்று முற்பகல். மைக்கை மாட்டிக் கேசட்டைச் செருகிவிட்டு, "சும்மா பாரு, கட்டாயமில்ல" என்று சொல்லிவிட்டு, வெங்காயம் நறுக்குகிற சாக்கில் சமையலறைக்குப் போனேன். இரண்டு வெங்காயம் நறுக்கி முடித்தேன்.

கூடத்திலிருந்து ஒரு ஆண் குரல். லாரியிலிருந்து சரளை கொட்டுகிற மாதிரி.

"டேய் ________,* இங்க வாடா. சோம்பேறி. நகருடா."

உலகத்தில் என்னைப் பெயர் சொல்லி டேய் போடுகிறவன் ஒருவன்தான். என் மனைவியின் அண்ணன். மச்சான் ஆவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். குரலும் அப்படியே அவன் குரல். கையைத் துடைத்துக்கொண்டே ஓடினேன்.

"வாடா மச்சான், எப்ப வந்த? சொல்லாமக் கொள்ளாம இப்படித் திடுதிப்புன்னு"

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. மச்சான் இல்லை. கையில் மைக்கோடு என் மனைவி. திரையில் ஒரு குண்டு வாத்து, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நானும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரே நேரத்தில் மூன்று அடி. வரிசையாக எழுதினால்தான் உங்களுக்கு விளங்கும்.

அது அவள் குரல். அறுவைக்குப் பிறகு வந்த குரல்.

அவள் சொன்னது என் பெயர். கல்யாணமான நாளிலிருந்து 'ஏங்க' தவிர வேறு எதுவும் அவள் வாயில் வந்ததில்லை. ரேஷன் அட்டைக்கு எழுத வந்தவர் என் பெயரைக் கேட்டபோதுகூட என்னைத் திரும்பிப் பார்த்தவள். ஹோ என்றிருக்கலாம். டுர் என்றிருக்கலாம்.

மூன்றாவது மெதுவாகத்தான் உறைத்தது. அவள் பேச மறுக்கவில்லை. என்றோ குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் தனியாகப் பேசிப் பார்த்து, ஆண் குரல் போல வந்ததைக் கேட்டிருக்க வேண்டும். அந்தக் குரலை என்னிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறாள். ஒரு வாத்திடம் மட்டும் வெளியே எடுத்தாள். நான் ஓடிவந்து, அது உன் அண்ணன் குரல் என்று சொல்லிவிட்டேன்.

"இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்றேன்.

அவள் மைக்கைக் கழற்றினாள். ஒயரைச் சுற்றினாள். அட்டைப்பெட்டியில் போட்டு வாசல் பக்கம் வைத்தாள். கரண்டியால் மேசையில் இருமுறை தட்டினாள்.

"உன் குரல் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். நிறுத்தாமல் தட்டினாள். காலமெல்லாம் புளுகிப் பேர் வாங்கியவன் உண்மை பேசினால் அதற்கு மரியாதை அவ்வளவுதான்.

* கோடிட்ட இடத்தில் என் பெயர். எழுதினால் நீங்கள் பெயரைப் படிப்பீர்கள், குரலைக் கேட்க மாட்டீர்கள்.

6

அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டாள். நான் மேசையில் உட்கார்ந்து முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: மைக்கைத் திருப்பிக் கொடுக்கிறேன். ஈயம், "நான்தான் சொன்னேனே சார்" என்கிறார். கட்டுரைக்குப் பொருத்தமான முடிவு. அக்கா மகன் கைதட்டுவான். வீட்டில் கரண்டிச் சத்தம் தொடரும், குரல் மங்கிக்கொண்டே போகும். (இதை எழுதிய தாளையே கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அவள் என் முகத்தைப் பார்த்துக் கலகலவென்று சிரித்து, "போங்க நீங்க" (இல்லை. என் மனைவி அப்படிச் சிரிப்பவள் இல்லை. இது வேறு யாருடைய மனைவியோ.)

முடிவு மூன்று: மச்சான் நிஜமாகவே வந்து நிற்கிறான். தங்கை குரலைக் கேட்ட அதிர்ச்சியில் அவன் வாயிலிருந்து அவளுடைய பழைய குரல் வருகிறது. பிறகு யார் குரலை யார் வைத்துக்கொள்வது என்று பஞ்சாயத்து. எனக்கு மிகவும் பிடித்த முடிவு, நாலு பக்கம் போகும். ஆனால் அதில் அவள் குரலை இன்னொருவன் எடுத்துக்கொண்டு போகிறான். காலையில் நான் செய்ததும் அதுதானே.

7

அதனால் முடிவை நிறுத்திவிட்டு எழுந்தேன். அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். அவள் விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைப் போட்டேன். இப்போது இடது கையில் மைக், வலது கையில் பேனா.

வாத்து ஒரு தொட்டிக்குள் நிற்கிறது, மிதக்கத் தெரியாத வாத்து. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. மேலே ஒரு கதவு மூடிக்கொண்டே வருகிறது. என் பெயரைச் சொல்லி நானே கத்துகிறேன். வரவில்லை. கெஞ்சிக் கத்தினேன், மிரட்டிக் கத்தினேன், மச்சான் மாதிரிக் கத்தினேன். அசையவில்லை. அதற்குத் தெரிந்த குரல் ஒன்றுதான். அது அவளுடைய பழைய குரலைக் கேட்டதே இல்லை.

எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "சார், யாரைத் தேடுறீங்க?" என்றார்.

"என்னைத்தான்" என்றேன். ஜன்னல் சாத்திக்கொண்டது.

தண்ணீர் வாத்தின் கழுத்துக்கு வந்துவிட்டது. அறைக் கதவு திறக்கிற சத்தம். நான் திரும்பவில்லை. மைக்கை மட்டும் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறேன். என் கையிலிருந்து அதன் கனம் குறைகிறது. யாரோ பிடித்திருக்கிறார்கள், இன்னும் வாங்கவில்லை.

கைப்பேசி அடிக்கிறது. ஈயமாகத்தான் இருக்கும். வாங்குகிறீர்களா இல்லையா என்று கேட்பார். வாசகரே, கொஞ்சம் எடுத்துப் பேசுங்கள். தகுமா தகாதா என்று உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள். எனக்கு இப்போது ஒழிவில்லை.

அவள் மூச்சை இழுப்பது காதில் விழுகிறது. கூப்பிட்டால் ஓட வேண்டியவர்கள் இந்தக் கூடத்தில் இரண்டு பேர். இரண்டு பேரும் அசையாமல் நிற்கிறோம்.