அந்தோணியாரின் முதுகு

சவப்பெட்டியைத் தூக்கக் குனிந்த ஜெபராஜின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள் அக்கா மகள் சுபிதா.

"மாமா, கொஞ்சம் இருங்க. அந்தோணியாரு இன்னும் செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்காரு."

மரைன் ஹில் வீட்டின் முன்னறை அலமாரி மேல், முழங்கை உயர மரச் சுரூபம் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றது. அந்த வீட்டுப் பழக்கம் அது. வேண்டினது நடக்கும்வரை புனிதருக்குச் சுவர்தான் கதி. நடந்ததும், யாருக்காக வேண்டினார்களோ அவர் கையாலே திருப்பி வைக்க வேண்டும். படகு வரத் தாமதித்தாலும் சரி, பீரோ சாவி தொலைந்தாலும் சரி, தண்டனை என்னவோ அந்தோணியாருக்கு.

"அம்மா படுக்கைல விழுறதுக்கு முன்னாடியே திருப்பிட்டா. நீங்க வந்து சேரணும்னுதான். நீங்கதான் திருப்பணும்."

ஜெபராஜ் காட்டுக்கு அப்பால் பாராடாங் தீவில் சபை நடத்தும் போதகன். கத்தோலிக்க வீட்டில் பிறந்தவன்தான். வேதத்தைத் தானே வாசித்து வெளியே வந்தவன். சுரூபத்தைத் தொடுவதில்லை என்பது அவன் தீர்மானம். தாய் தகப்பன் போனபின் மீன்கூடை சுமந்து அவனை ஆளாக்கியவள் ரீத்தா அக்கா. அவளிடமே அவன் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறான்.

"கேட்டாலே கொடுக்கிறவருகிட்ட எதுக்குக்கா மெரட்டலும் பேரமும்? மரத்துக்குக் காது இருக்கா?"

"நீ சொல்றதும் சரிதாம்ல" என்று சொல்லிவிட்டு, மீன்தலையை அவன் தட்டில் எடுத்து வைத்தாள். கிருபை இலவசம் என்று அவன் பிரசங்கம் செய்யும்போதெல்லாம் அந்தக் கைதான் நினைவுக்கு வரும். அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அக்காவுக்கு முடியவில்லை என்று முந்தின நாள் போன் வந்தபோது, போலீஸ் காவலோடு காட்டுச் சாலையைக் கடக்கும் அன்றைய கடைசி வண்டி வரிசை போயிருக்க வேண்டிய நேரம். மழையில் மரம் விழுந்து வண்டிகள் நின்றுகொண்டிருந்ததால் அவனும் ஏறிக்கொள்ள முடிந்தது. வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டே வந்தான். வந்து கையைப் பிடித்ததும் அக்கா கண் திறந்து, "சாப்ட்டியால?" என்றாள். அதோடு சரி, கண்ணை மூடிவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே கர்த்தருக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்லலாம்.

"மரத்த சாச்சதே அந்தோணியாருதான்" என்றார் அத்தான் கிளமெண்ட், கண்ணைத் துடைத்தபடி. "ஒன்னயக் கும்புடச் சொல்லல மாப்ள. திருப்பி மட்டும் வையி. ஜல்தி, கல்லறைக்குப் போற காடி வெளிய நிக்குது."

தொட்டால், இத்தனை வருஷம் பிரசங்கித்தது பொய்யாகும். மறுத்தால், அக்காவின் கடைசி வேண்டுதல் பாதியில் நிற்கும். ஜெபராஜ் பெட்டியைப் பார்த்தான். பிறகு அலமாரியருகே போய், சுரூபத்தின் தோளில் கை வைத்துச் சற்றே நகர்த்தினான்.

பின்னால் சுவரில் அவன் முகம் இருந்தது. அவனுடைய சபைக் கூட்டத்து நோட்டீஸிலிருந்து வட்டமாக வெட்டி, சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தாள் அக்கா. 'விக்கிரகங்களை விட்டு' என்ற தலைப்பில் பாதி எழுத்து கத்தரிக்குத் தப்பி ஓரத்தில் நின்றது. அந்தோணியாரின் மூக்கும் அவன் மூக்கும் ஏறக்குறைய உரசிக்கொண்டிருந்தன.

இது தண்டனையே இல்லை. மிரட்டாதே என்று அவன் சொன்னதை அக்கா கேட்டிருக்கிறாள். கேட்டு, தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரை அங்கே நிறுத்தியிருக்கிறாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

எட்டிப் பார்த்த கிளமெண்ட் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"திருப்பியாச்சா மாமா?" என்றாள் வாசலிலிருந்து சுபிதா.

ஜெபராஜ் சுரூபத்தைப் பழையபடியே நகர்த்தி வைத்தான். அதன் தோளில் படிந்திருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்தான்.

"இருக்கட்டும் மக்ளே. அவரு சரியாத்தான் நிக்காரு."

பிறகு தலைமாட்டுப் பக்கமாகப் போய்ப் பெட்டிக்குத் தோள் கொடுத்தான்.