தலைமேல் வைத்த கை

ஓவியர்களுக்கு மாதிரியாக உட்காரும் ஆட்கள் வேலைக்குக் காத்திருக்கும் ஸ்பானியச் சதுக்கத்துப் படிக்கட்டில், எஜிடியோவின் தாடிக்கு ஈடான தாடி கிடையாது. ரோமாபுரிக்கு வரும் வெளிநாட்டு ஓவியர்கள், துறவி வேண்டுமென்றாலும் தீர்க்கதரிசி வேண்டுமென்றாலும் அவரைத்தான் உட்காரவைப்பார்கள். ஒருமுறை கடவுளாகவே உட்கார்ந்துவிட்டு வந்தார். அதன்பின் வீட்டில் அவரிடம் பேசி ஜெயிக்க முடியவில்லை.

மகள் கிரெஷென்சாவுக்கு அதுதான் தலைவலி. அவள் மனசு தோல்பைக் குழல் வாசிக்கும் வித்தாலேயிடம் இருந்தது. அப்பாவோ சொந்த ஊரில் மாவு அரைக்கும் ஆலை வைத்திருந்த சாபாதீனோ என்ற கிழவனைப் பார்த்துவைத்திருந்தார். நவம்பரில் வரும் புனித மார்ட்டின் திருநாளன்று அவன் கல்யாணம் பேசி முடிக்க வருகிறான்.

"குழல் ஊதினா உலை கொதிக்குமாடி?" என்பார் எஜிடியோ.

அந்தச் சமயத்தில்தான் பிரெஞ்சு ஓவியர் வெர்னோலுக்கு கிராமத்து நிச்சயதார்த்தம் வரைய ஆசை வந்தது. எப்படி நடக்கும் என்று அவர் கேட்டது கிரெஷென்சாவிடம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மாப்பிள்ளை பெண்ணின் கொண்டையில் வெள்ளி ஊசி செருகுவது, பெண்ணின் அப்பா இருவர் தலைமேலும் கை வைத்து வாக்குக் கொடுப்பது என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஓவியர் வைத்திருந்த தகர ஊசி மின்னாது என்று சொல்லி, வித்தாலேயின் அம்மாவுடைய வெள்ளிக் கொண்டையூசியையே வரவழைத்தாள்.

சுற்றி நிற்கப் படிக்கட்டுக் கூட்டமே வந்தது, எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள். மாப்பிள்ளை வேஷத்தில் வித்தாலே, பெண் வேஷத்தில் இருந்த கிரெஷென்சாவின் கொண்டையில் ஊசியைச் செருகினான். இருவரும் மண்டியிட்டார்கள். பெண்ணின் அப்பாவாக எஜிடியோ கம்பீரமாக இரண்டு தலைமேலும் கை வைத்தார்.

"வாய் அசையணும், ஏதாவது சொல்லுங்க," என்றார் ஓவியர்.

வேஷம் என்று வந்துவிட்டால் எஜிடியோ குறை வைக்க மாட்டார். "எங்க வீட்டு ரொட்டி இனிமே உங்க வீட்டு ரொட்டி," என்று ஊர் நிச்சயத்தில் சொல்லும் வார்த்தையையே கணீரென்று சொன்னார்.

ஓய்வு விட்டதும் எஜிடியோவின் அக்கா தொமித்தில்லா வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "நல்ல காரியம் பண்ணினேடா தம்பி."

"என்னக்கா உளறுறே? இது படத்துக்கு."

"ஊசி வெள்ளி, கை உன் கை, வார்த்தை உன் வாயில வந்தது. ஊரே நின்னு பார்த்திருக்கு. இதுக்கு மேல நிச்சயத்துக்கு என்னடா வேணும்?"

"அக்கா, நான் மாவாலைக்காரனுக்கு..."

"அவன்கிட்ட இருந்து ஊசி வாங்கினியா? இல்ல. நம்ம சின்னத் தம்பி பேசின நிச்சயத்த மாத்தினப்போ என்ன சொன்னே? வாக்கு மாறினவன் வீட்டுத் தண்ணி கூடக் குடிக்க மாட்டேன்னே. இனிமே உன் வீட்டுத் தண்ணிய நீயே எப்படிக் குடிப்பே?"

கூட்டம் சிரித்தது. எஜிடியோ மகளைப் பார்த்தார். அவள் ரொம்ப பக்தியாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுதை, எல்லாம் உன் வேலைதானா?"

"ஆமாம்ப்பா," என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அந்தக் கிழவன் வீட்டுக்கு என்னால போக முடியாதுப்பா."

ஓவியர் கூப்பிட்டதும் எஜிடியோ பழைய இடத்தில் போய் நின்றார்.

"டேய் குழல்காரா, நேரா முட்டி போடு," என்றார். "ஊர் பார்க்கப்போற படம். என் மாப்பிள்ளை கோணலா இருக்கக்கூடாது."

அன்றைக்கு இருட்டி, ஓவியர் தூரிகையைக் கழுவிய பிறகும் மகள் தலையிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை.