ஒன்பது மணி வரைக்கும்

தப்பு அக்காவுடையதுதான். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் தம்பியை ஜோராக வைத்திருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். அன்றைக்கு வருகிறவள் தம்பியின் நிலையை மதிப்பிட வரும் அரசு அதிகாரி என்பதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

தம்பிக்கு நாற்பத்தொன்று. லாரி மோதியதிலிருந்து மார்புக்குக் கீழே உணர்வில்லை, விரல்களில் பாதி பலம்தான். வீட்டிலிருந்தே பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறான். அக்கா பேருந்து ஓட்டுகிறவள். ஐந்தரைக்கு அவள் கிளம்பினால், ஆறு மணிக்கு அரசாங்கம் அனுப்பும் உதவியாளர் ஒருத்தி வருவாள். வேகத்துக்காக அவளுக்குத் தம்பி வைத்த பெயர் சூறாவளி. ஒன்பதுக்குள் அவனைக் கழுவி, உடுத்தி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போய்விடுவாள்.

அப்போதுதான் சீர்திருத்தம் வந்தது. இனி எல்லாருக்கும் மதிப்பெண்; தானாகச் செய்ய முடியாதது கூடக்கூட மதிப்பெண்ணும் கூடும். நாற்பது வாங்கினால்தான் தினசரி உதவி. மதிப்பீட்டு அதிகாரி பத்து மணிக்கு வந்தபோது, தம்பி சவரம் செய்த முகத்தோடு, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்து அவளோடு சிரித்துப் பேசினான். பார்த்ததைத்தான் எழுதினாள். இருபத்து மூன்று. தினம் மூன்று மணி நேரம், வாரம் மூன்று மணி நேரமாயிற்று. கடிதத்தின் தலைப்பில் ‘தேவைக்கேற்ற சேவை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இனிக் காலையில் தம்பியை அக்காவேதான் கவனிக்க வேண்டும். வேலையை விட்டுவிட வேண்டியதுதான்.

மேல்முறையீடு செய்தாள். அதன் முடிவு வரும்வரை சூறாவளி பழையபடி வருவாள். அதிகாரியையே போனில் பிடித்தாள்.

“ஆறு மணிக்கு வந்து பாருங்கம்மா. அப்பத் தெரியும்.”

“எங்க நேரமே ஒம்பதுக்குத்தாம்மா ஆரம்பிக்குது. வேணா ஒம்பதுக்கு முதல் வீடா உங்க வீட்டுக்கு வரேன்.”

போனை வைத்ததும் தம்பி சொன்னான், “சரி விடு. நான் ஒம்பது மணி வரைக்கும் அப்படியே கிடக்கேன்.”

“வாயை மூடுடா.”

“வேற வழி இருந்தா சொல்லு.”



அதிகாரி வரும் நாளில் அக்கா விடுப்பு எடுத்தாள். சூறாவளி வழக்கப்படி ஆறுக்கே வந்துவிட்டாள். இரண்டு பேரும் சமையலறையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை கஷ்டமான வேலையை இரண்டு பேரும் அதுவரை செய்ததில்லை. ஏழு மணிக்கு அறையிலிருந்து வாடை வந்தது. எட்டுக்குச் சூறாவளி துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“என்னால முடியலக்கா. பாவம் அண்ணன்.”

“உக்காரும்மா” என்றான் உள்ளேயிருந்து தம்பி. “இன்னும் ஒரு மணி நேரந்தான்.”

ஒன்பதுக்கு அதிகாரி வந்தாள். அறை வாசலில் ஒரு கணம் நின்றுவிட்டாள்.

“வாங்க மேடம்” என்றான், நனைந்த விரிப்பில் படுத்தபடி. “எழுந்து வரவேற்க முடியல. மன்னிக்கணும்.”

“போதும் சார். இவரை முதல்ல கவனிங்க” என்று அக்காவைப் பார்த்தாள் அதிகாரி.

“இருங்க” என்றான் தம்பி. “எல்லாக் கேள்வியும் கேட்டுடுங்க. ஒண்ணு விட்டாலும் மார்க் போயிடும்.”

அவள் கேட்டாள். பதினெட்டுக் கேள்வி. தானாகக் கழிப்பறைக்குப் போக முடியுமா, தானாகத் திரும்பிப் படுக்க முடியுமா. ஒவ்வொன்றுக்கும் முடியாது, முடியாது என்று பிழை திருத்துகிறவனின் நிதானத்தோடு பதில் சொன்னான். அதிகாரி நிமிராமல் எழுதினாள். கடைசிக் கேள்வி முடிந்ததும் சூறாவளி வெந்நீர் வாளியோடு உள்ளே பாய்ந்தாள்.

அக்கா தெருவாசல்வரை அதிகாரியோடு போனாள்.

“கிடைச்சிடும்மா. நாற்பதுக்கு மேலயே வருது.”

“எத்தனை நாளைக்கு?”

“ஒரு வருஷத்துக்கு.” அதிகாரி செருப்பை மாட்டிக்கொண்டாள். “அப்புறம் மறுபடி வந்து பார்ப்போம். விதி அப்படி.”

அதிகாரி போன பிறகும் அக்கா அங்கேயே நின்றாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

“அக்கா, அவங்க போயிட்டாங்களா?”

“போயிட்டாங்கடா.”

அதற்குப் பிறகுதான் அவன் அழுதான்.