மெம்பர் ஆசீர்வாதம் மண்ணுக்குள் போன விதம்

சட்டசபை மெம்பர் மோ. ஆசீர்வாதம் இறந்து எண்பது வருடத்துக்கு மேல் ஆகியும், இந்த வருடம் தை மாதம் வரைக்கும் கே.ஜி.கண்டிகையில் தன் சொந்த வீட்டுக் கூடத்தில் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை. சாப்பிட மாட்டார், தூங்க மாட்டார், பேச மாட்டார். எப்போதாவது, மேடையில் பேச்சை ஆரம்பிக்கப் போகிறவர் மாதிரி தொண்டையைச் செருமுவார். வீட்டில் இருப்பவர்கள் கையில் உள்ள வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். பேச்சு வராது. மறுபடி வேலையைப் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் மட்டும் கூடத்தில் புதிதாக வெட்டிய குழியின் மண்வாசனை அடிக்கும். அது ஈரத்துணியில் ஏறிக்கொள்ளும் என்பதால் அந்த வீட்டுப் பெண்கள் துணிகளைப் பக்கத்து வீட்டுக் கொடியில் காயப்போட்டு வந்தார்கள்.

அவர் பிறந்ததும் இதே கண்டிகையில்தான். அப்பா மோசே அடுத்தவர் வயலில் ஏர் ஓட்டியவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே வாத்தியாராகி, வாத்தியார் வேலை வாய்க்குப் போதவில்லை என்று 'உழவன் விளக்கு' என்ற வாரப் பத்திரிகை ஆரம்பித்தார். தலையங்கம், தொடர்கதை, ஊர்வம்பு எல்லாம் அவரே எழுதினார். வாசகர் கடிதங்களையும் அவரே எழுதிக்கொள்கிறார் என்று எதிரிகள் தூற்றினார்கள். அது உண்மைதான். பிறகு வெள்ளைக்காரன் அவரைச் சென்னைக் கவுன்சிலுக்கு மெம்பராக நியமித்தான். திருத்தணியில் காலை ரயிலேறிப் போய்ப் பேசிவிட்டு வருவார். அவர் கவுன்சிலில் குடிதண்ணீர் பற்றிப் பேசிய நாட்களில் கண்டிகைக் கிணறுகளில் தண்ணீர் ஒரு முழம் ஏறியது. உப்பு வரி பற்றிப் பேசிய நாட்களில் எல்லார் வீட்டுக் குழம்பும் கரித்தது. மெம்பர் என்று ஒருவர் இருப்பது இதற்குத்தானே என்று ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூலிக்காரர் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளி கொண்டுவந்தார், சேரிக்கு ரோடு கொண்டுவந்தார், பஸ்ஸில் யாரும் எந்த இடத்திலும் உட்காரலாம் என்று சண்டை போட்டு ஜெயித்தார். ஒன்றே ஒன்றுதான் அவரால் முடியவில்லை. அது கல்லறைத் தோட்டத்தின் குறுக்குச் சுவர்.

சுவர் இடுப்பு உயரம்தான். மேல்பக்கம் நிலபுலன் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள், கீழ்ப்பக்கம் அவர்கள் நிலத்தில் பாடுபட்ட கிறிஸ்தவக் குடும்பங்கள். கோயிலுக்குள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். செத்த பிறகுதான் பக்கம் பிரித்தார்கள். எதற்கு ஐயா இந்தச் சுவர் என்று மெம்பர் கேட்டபோதெல்லாம், ஆடு வராமல் இருக்க என்று கல்லறைக் கமிட்டி பதில் சொன்னது. தோட்டத்து வாசலுக்குக் கதவே கிடையாது, ஆடுகள் அந்த வழியாகத்தான் வந்து போய்க்கொண்டிருந்தன. கடைசியில் ஒரு கல்லறைத் திருநாளில் அவர் அந்தச் சுவர்மேல் ஏறி நின்று, இது நிற்கிறவரைக்கும் இந்த மண்ணுக்குள் நான் தங்க மாட்டேன் என்று பேசினார். நல்ல கைதட்டல். மேடையில் பேசுகிறவர்கள் சொன்னதையெல்லாம் செய்கிறவர்கள் அல்ல என்ற தைரியத்தில், அவர் இறந்ததும் அவரைக் கீழ்ப்பக்கம் அடக்கம் செய்தார்கள். மூன்றாம் நாள் காலையில் கோட்டெல்லாம் மண்ணாக வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் எழும்புவது ஒருவருக்கு மட்டுமே உரியது என்று போதகர் மிகவும் வருத்தப்பட்டார். மறுபடி புதைத்தார்கள். போதகர் மனம் கோணக்கூடாதென்றோ என்னவோ, அந்தத் தடவை இரண்டாம் நாளே வந்துவிட்டார். அதற்கப்புறம் விட்டுவிட்டார்கள். சுவரை இடிப்பதைவிட அது சுலபமாக இருந்தது. அதன்பின் தேசம் விடுதலையானது; திருத்தணி ஆந்திராவில் சேர்ந்து மறுபடி தமிழ்நாட்டுக்கு வந்தது; மெம்பர் நாற்காலியை விட்டு அசையாமலே இரண்டு மாநிலத்திலும் இருந்தார்.

அவருடைய கொள்ளுப்பேத்தி தபிதாள். திருவாலங்காடு பக்கம் ஒரு கேன்டீனில் சமையல் வேலை. புருஷன் சீக்கிரமே போய்விட்டான். அவன் கீழ்ப்பக்கத்தில் சொன்ன பேச்சுக் கேட்டு அடங்கிக் கிடக்கிறான். தபிதாளுக்கு மெம்பரைக் கண்டாலே ஆகாது. மற்றவர்கள் வீட்டில் சோபா போட்டிருக்கும் இடத்தில் தன் வீட்டில் ஒரு பிரேதம் இருப்பதை அவள் ஒருநாளும் மன்னிக்கவில்லை. நாற்காலியைச் சுற்றிக் கூட்டும்போது துடைப்பத்தால் அவர் காலை வேண்டுமென்றே தட்டுவாள். "போற எடத்துக்குப் போவாம உசுர வாங்கிகினு கீறியே நைனா," என்பாள். அவளுக்கு இருந்தது ஒரே மகள், ஹெப்சி. அரக்கோணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக ரயிலில் போய்வந்து, அதே ரயிலில் வந்த இவானைக் கட்டிக்கொண்டாள். இவான் மேல்பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவன் அப்பா சைமன்தான் கல்லறைக் கமிட்டிச் செயலாளர். கல்யாணத்துக்கு வந்து, சாப்பிட்டு, மொய்யும் வைத்துவிட்டுப் போனார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

போன ஐப்பசி மழையில் ஹெப்சிக்கு டெங்கு வந்தது. அத்தனை பேருக்கு ஊசி போட்டவள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. குழந்தை பெபிக்கு அப்போதுதான் நன்றாகப் பேச்சு வந்துகொண்டிருந்தது. அடக்கத்தன்று இவான் தன் தாத்தா கல்லறைக்குப் பக்கத்தில் குழி வெட்டச் சொன்னான். மேல்பக்கம் இடமில்லை என்று சைமன் சொன்னார். இடம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, புல் முளைத்துக் கிடந்தது. மழை வலுத்துக்கொண்டே வந்தது, பெட்டியைத் தூக்கியவர்களுக்குக் கை ஓய்ந்தது, கடைசியில் கீழ்ப்பக்கமே புதைத்தார்கள். மகளைப் பறிகொடுத்த அன்றைக்கு எதற்கு வம்பு என்று தபிதாள் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் ஜெபத்துக்காகச் சொந்தக்காரர்கள் வந்தபோது ஹெப்சி கூடத்தில், மெம்பருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் வைத்த சாமந்திகூட வாடவில்லை. கீழ்ப்பக்கத்தில் அத்தனை பேர் அடங்கிக் கிடக்கையில் இவள் மட்டும் ஏன் வந்தாள் என்று கேட்டவர்களுக்குக் கௌரியம்மாள் பதில் சொன்னாள். அவள் பக்கத்து வீட்டுக்காரி, துணி காயப்போடக் கொடி கொடுத்தவள். "கட்டிக் குடுத்த பொண்ணு எப்பிடி ஆத்தா வூட்டு மண்ணுல தங்குவா? புருசன் வூட்டு மண்ணுல எடம் இல்லன்ட்டாங்க. அப்பறம் எங்கதான் போவா?" எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது. ஜெபத்தை முடித்து டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

தபிதாளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அவள் அழுகையைத் துடைத்துப் போட்டுவிட்டு மகளுக்குத் தலைவாரிவிட்டாள். கேன்டீனிலிருந்து வந்ததும் அன்றைய கதையெல்லாம் மகளிடம் சொல்வாள். ஹெப்சி பதில் பேசுவதில்லை, பார்ப்பாள். அது போதும் என்றிருந்தது. வாழ்நாளில் முதல்தடவையாக மெம்பரின் கோட்டைத் துலக்கிவிட்டாள். "ஒனக்குத் தொணைக்கு ஆளு வந்துட்டா," என்று அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னதைக் கௌரியம்மாள் கேட்டிருக்கிறாள்.

இவானால் அப்படி இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மனைவியின் எதிரில் உட்கார்ந்திருப்பான். கையைத் தொட்டால் கிணற்றுக்குள் கைவிட்ட மாதிரி இருந்தது. அவன் அப்பாவோடு பேச்சை நிறுத்தினான், வாலிபர் சங்கத்தைக் கூட்டினான், பேப்பரில் போடுவேன் என்று மிரட்டினான். பேப்பர் என்றதும் கமிட்டி இறங்கி வந்தது. கீழ்ப்பக்கத்தில் நொந்தது தபிதாள் குடும்பம், அவர்கள் சொல்லட்டும், இடித்துவிடுகிறோம் என்றார்கள். நூறு வருடமாக ஆடு ஆடு என்று சொன்னவர்கள் அவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம். கார்த்திகையில் ஒரு சாயங்காலம் சைமனும் இவானும் போதகரும் வந்து கூடத்தில் நின்றார்கள்.

"சம்பந்தியம்மா, ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா போதுங்க," என்றார் சைமன்.

தபிதாள் மகளைப் பார்த்தாள். சுவர் போனால் மெம்பர் போவார். மெம்பர் போனால் போகட்டும். ஆனால் கூடவே இவளும் போவாள்.

"சொவுரு இருக்கட்டுங்க," என்றாள்.

"அத்தே, இன்னா சொல்றீங்க?" என்றான் இவான்.

"இருக்கட்டும்னேன், தம்பி. எங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல."

சைமன் முகத்தில் விளக்கேற்றின மாதிரி ஆகிவிட்டது. அவர்களே வேண்டாம் என்கிறார்கள் என்று திருத்தணி மார்க்கெட் வரைக்கும் போய்ச் சொன்னார். சங்கத்துப் பையன்கள் கலைந்தார்கள். அன்று முழுக்க மெம்பர் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை. அவள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ரசத்துக்குப் புளி கரைத்தாள்.

தபிதாள் வேலைக்குப் போகும் நேரங்களில் பெபி அம்மா மடியில்தான் இருக்கும். இறந்தவள் பிள்ளையைத் தள்ளவும் இல்லை, அணைக்கவும் இல்லை. முதலில் குழந்தைக்குக் கை சில்லிட்டது. பனிக்காலம் என்று ஸ்வெட்டர் போட்டார்கள். பிறகு அது கற்ற சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. பஸ் போயிற்று, பூனை போயிற்று, சித்தப்பா போயிற்று. கிறிஸ்துமஸுக்குள், பாட்டியைக் கூப்பிடும் ஆயா என்ற சொல்லும் போய்விட்டது. அம்மா என்பது மட்டும் கொஞ்ச நாள் நின்று, அதுவும் போனது. நகக்கண்களில் மண் சேர்ந்தது, எவ்வளவு கழுவினாலும் மறுநாள் இருந்தது. டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். பொங்கல் கழிந்து ஒருநாள் தபிதாள் வேலை விட்டு வந்தபோது, குழந்தை தன் சின்ன நாற்காலியை இழுத்துப் போட்டு ஹெப்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் திரும்பவில்லை. பிறகு அந்த மூன்று வயதுக் குழந்தை, கொள்ளுத்தாத்தாவுக்கும் தாத்தா முறையான அந்த மனிதர் செருமுவதைப் போலவே, தொண்டையைச் செருமியது.

தபிதாள் சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். கௌரியம்மாளின் புருஷன் கங்காதரன் கிணறு வெட்டுகிறவன்.

"கங்காதரா, ஒங் கடப்பாரைய குடு."

"இன்னாத்துக்குக்கா?"

"கல்லறை சொவுர இடிக்கணும்."

"நீதான வாணாம்ன?"

"ஆங், நான்தான் சொன்னேன். நானே இடிக்கறேன்."

குழந்தையைக் கௌரியம்மாளிடம் விட்டுவிட்டு வெயிலோடு நடந்தாள். அழுதுகொண்டேதான் நடந்தாள். பெற்ற மகளை மறுபடி மண்ணுக்கு அனுப்ப அவளே கடப்பாரை தூக்க வேண்டியிருந்தது. தனக்கும் அந்தக் கல்லறைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும் கங்காதரன் கூடவே போனான், பொம்பளை கடப்பாரையைப் பிடித்த விதம் அவனுக்குப் பொறுக்கவில்லை. விஷயம் கேட்டு இவான் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான், சங்கத்துப் பையன்களும் வந்தார்கள். சைமனும் வந்தார். கமிட்டியைக் கேட்காமல் இது என்ன என்று ஆரம்பித்தவர், சம்பந்தி முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"பேத்தி பேச்சு நின்னு போச்சுங்க," என்றாள் தபிதாள். "ஒங்களுக்கும்தான் பேத்தி."

 சைமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விழுந்த கற்களைப் பொறுக்கி ஓரமாகப் போட ஆரம்பித்தார். நூறு வருடச் சுவர் சாயங்காலத்துக்குள் போய்விட்டது. சுண்ணாம்பும் செம்மண்ணும்தான், உள்ளே ஒன்றும் பலமில்லை.

அவர்கள் இருவரையும் அழைத்துவர ஆள் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. முன்னால் மெம்பரும் பின்னால் ஹெப்சியுமாக ரோட்டோரமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். திருப்பதி பஸ் நின்று வழிவிட்டது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, ஜன்னலோரம் இருந்தவர்கள் தலைகுனிந்தார்கள். மெம்பர் வந்து, சுவர் இருந்த தடத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்த்தார். கணக்குச் சரிபார்க்கிறவர் மாதிரி தலையாட்டினார். அஸ்திவாரத்தைப் பெயர்த்தெடுத்த பள்ளத்திலேயே படுத்துக்கொண்டார். பேச்சு ஒன்றும் நடக்கவில்லை. ஹெப்சி நின்றாள். தபிதாள் அவள் முந்தானையைச் சரிசெய்து, நெற்றியில் முத்தமிட்டு, "போம்மா, போய்ப் படு," என்றாள். அவள் மெம்பரை அடுத்து, மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் நடுவில் படுத்தாள். போதகர் ஜெபம் பண்ணினார். ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். தபிதாள் போட்ட மண்தான் முதல்.

அன்று துக்கம் விசாரிக்க ஊரே வந்தது. ஹெப்சி அன்றைக்குத்தான் செத்தாற்போல எல்லாரும் நடந்துகொண்டார்கள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு பற்ற வைக்கக்கூடாது என்று கௌரியம்மாள் சோறும் சாம்பாரும் கொண்டுவந்தாள். தபிதாள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். ஐப்பசியில் அழுதது மூன்று நாள்தான். மிச்சத்தையெல்லாம் இப்போது அழுதாள். கௌரியம்மாள் இடுப்பிலிருந்து இறங்கிய பெபி தத்தித் தத்தி வந்து, அவள் கன்னத்தில் கைவைத்துப் பார்த்தது. கை சூடாக இருந்தது.

"ஆயா, அழாத," என்றது.

கேட்டவர்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். தபிதாள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். ஆனால் அழுகையை நிறுத்தவில்லை.