ஐஸ் வருவதற்குள் நான்கு நிமிடம்

1

இது கதையாக வந்திருக்க வேண்டியதே அல்ல. எங்கள் ஊரான கிளாத்தென் பக்கத்துக் கல்யாணங்களில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. புதிதாக மேடையேறுகிறவர்களுக்குப் பத்து யோசனை எழுதிக் கொடுங்கள், ஒரு பக்கம் போதும் என்று என்னிடம் கேட்டார்கள். பதினொரு வருஷம் பேஸ் கிட்டார் வாசித்தவன் என்ற திமிரில் சரி என்றேன்.

முதல் யோசனை சுலபமாக வந்தது: “மின்கம்பியைக் கையோடு கொண்டுபோங்கள். கல்யாண வீட்டார் தருகிற கம்பியின் மறுமுனையில் தேங்காய் துருவும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்.”

இரண்டாவது: “சாப்பாட்டில் எந்த இடத்தில் உங்கள் பாட்டு வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.” இதை எழுதியதும் கீபோர்டு வாசிக்கும் முர்த்தினியின் ஞாபகம் வந்து தொலைத்தது. மூன்றாவது யோசனை இன்றுவரை வரவில்லை. சங்கத்தார் மன்னிக்கவும்.

2

தொடங்கிப் பார்த்த வரிகள்:

முர்த்தினி நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். (எப்படிப் பார்ப்பாள்? மேலே பந்தல்.)

நாற்பத்தொரு வயதில் ஒரு பெண் முதன்முதலாகத் தன் சொந்த (வேண்டாம். இது சிரிப்புக் கதை.)

முர்த்தினிக்குப் பசி. (இது சத்தியம். இதையே வைத்துக்கொள்கிறேன்.)

முர்த்தினிக்குப் பசி. காலை எட்டு மணியிலிருந்து கீபோர்டுக்குப் பின்னால் நிற்கிறாள். இருபது வருஷமாக அடுத்தவர்கள் பாட்டை வாசித்து அடுத்தவர்கள் கல்யாணத்தை நடத்தி வைத்தவள். போன மழைக்காலத்தில் அவளாகவே ஒரு பாட்டுக் கட்டினாள். அவள் ஊர் நிலையத்தில் நிற்காமலேயே போகும் ரயிலைப் பற்றிய பாட்டு. அதை ஒரு தடவையாவது கூட்டத்தின் முன் பாடிவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

குழுவை நடத்தும், கெண்டாங்கு மத்தளம் தட்டும் துக்கிமின் மூன்று மாதம் இழுத்தடித்துவிட்டு அன்றுதான் இறங்கி வந்தார்.

“சோறு வந்தப்புறம், ஐஸ் வர்றதுக்கு முன்னாடி. நாலு நிமிஷம். அதுக்கு மேல ஒரு தட்டுகூட தட்ட மாட்டேன்.”

“நாலு நிமிஷம் போதும்ணே. பாட்டே அவ்வளவுதான்.”

“சோகமா கீகமா இருக்குமா?”

“ரயில் நிக்காம போகுது. அதுல என்னண்ணே சோகம்?”

(வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கல்யாணங்களில் யாரும் எழுந்துபோய்ப் பரிமாறிக்கொள்வதில்லை. நாற்காலி வரிசைகளில் தட்டு கைக்குக் கை மாறி வரும். டீ, பலகாரம், சூப், சோறு, கடைசியில் கோப்பையில் ஐஸ். ஐஸ் வந்துவிட்டால் விருந்து முடிந்தது என்று பொருள். கோப்பை காலியான மறுநிமிடம் நானூறு பேரும் எழுந்து, மணமக்கள் கையைத் தொட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிடுவார்கள். ஐஸுக்குப் பிறகு பாடுகிறவன் நாற்காலிகளுக்குப் பாடுகிறான்.)

3

சோறு வந்தது. முர்த்தினி உதட்டைத் துடைத்துக்கொண்டு ஒலிவாங்கியை நோக்கிக் கையை நீட்டினாள். அதற்குள் அங்கே இன்னொரு கை இருந்தது. ஊர்த்தலைவரின் கை.

இந்தத் தலைவர்மேல் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. முதல் பிரதியில் அவரைக் கெட்டவராக எழுதினேன், ஒட்டவில்லை. பள்ளம் விழுந்த சாலையை ஒரே வாரத்தில் போட்டுக் கொடுத்தவர். சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர். ஒரே குறை, கல்யாணத்துக்கு ஒரு பாட்டு ‘அன்பளிப்பாக’ தராமல் போகமாட்டார். விருந்தாளி பாட்டை அன்பளிப்பாகத் தந்தால் எங்கள் ஊரில் மறுக்கக் கூடாது. தலைவர் தந்தால் மறுப்பதைப் பற்றி நினைக்கவே கூடாது.

“ஒரே ஒரு பாட்டு துக்கிமின்! சின்னப் பாட்டு!”

“எந்த சுருதிங்கய்யா?”

“உங்களுக்கு எது வசதியோ அது. நான் அனுசரிச்சுக்குவேன்.”

அவர் அனுசரிக்கவில்லை. ஒவ்வொரு அடியிலும் சுருதியை மாற்றினார். முர்த்தினி கீபோர்டில் அவரைத் துரத்தினாள், சந்தையில் அறுத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டைத் துரத்துவதுபோல. பிடித்தாள் என்று நினைக்கும்போது அவர் அடுத்த தெருவில் இருந்தார்.

இதற்கிடையில் இன்னொரு தலைவலி. தலைவர் உட்கார்ந்து தன் கோப்பையை வாங்காமல் யாருக்கும் ஐஸ் தருவது மரியாதையில்லை. ஐஸுக்குப் பொறுப்பான அம்மாள் சமையல் பந்தலிலிருந்து ஓடி வந்து மேடைக்கடியில் நின்றார்.

“அடேய் துக்கிமின், உருகுதுடா! இன்னும் அஞ்சு நிமிஷம் போனா பாயசமாத்தான் ஊத்தணும்!”

“என்னை என்னக்கா பண்ணச் சொல்ற? அவர் வாயைப் பொத்தவா?”

“மத்தளத்தை நிறுத்து!”

“நிறுத்திப் பாத்தாச்சு. அவருக்குத் தெரியவே இல்ல.”

4

பதினோராவது அடியில் தலைவருக்கு வரிகள் மறந்துவிட்டன. மனிதர் அசரவில்லை. “லா லா லா” என்று தொடர்ந்தார், கண்களை மூடிக்கொண்டு.

இங்கே முர்த்தினி என்ன நினைத்தாள் என்று இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். அவள் எதுவும் நினைக்கவில்லை என்பதே என் முடிவு. விரல்கள்தான் செய்தன. லாலாவுக்கு அடியில் மெதுவாகத் தன் ரயில் பாட்டின் மெட்டைப் போட்டாள். துரத்தித் துரத்திக் களைத்துப் போனவள் கடைசியில் நின்றுவிட, தலைவரின் லாலா தானாகவே அவள் மெட்டுக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்கு முதல்தடவையாகச் சுருதி சேர்ந்தது.

நானூறு பேரும் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார்கள். இதை நான் மிகைப்படுத்தவில்லை. (சரி, முந்நூற்றெண்பது.) ஐஸ் அம்மாளின் கை இடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. ஒரு பெரியவர் வாயில் சோற்றோடு அழுதார்.

முடிந்ததும் கைதட்டல் பந்தலைத் தூக்கியது.

“தலைவர் பாட்டு! இன்னொரு தடவை! தலைவர் பாட்டு!”

தலைவரே மிரண்டுபோனார். தனக்குள் இப்படி ஒன்று இருந்ததை அவர் அறுபது வயதுவரை அறியவில்லை, பாவம்.

“எனக்கு மூச்சு வாங்குதும்மா,” என்று ஒலிவாங்கியை முர்த்தினியிடம் நீட்டினார். “நீ பாடு. என் பாட்டுதான், தைரியமா பாடு.”

இறங்கிப்போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். கோப்பையை வாங்கினார். ஐஸ் கிளம்பிவிட்டது.

5

துக்கிமின் கெண்டாங்கின் மேல் கவிழ்ந்து கிசுகிசுத்தார்.

“நாலு நிமிஷம்தான் இருக்கு. பாடிடு.”

“யாரு பாட்டுன்னு சொல்ல வேணாமாண்ணே?”

“சொன்னா தலைவர் எந்திரிச்சு மன்னிப்புக் கேப்பார். அவர் மன்னிப்புக் கேக்க ஆரம்பிச்சா அது ஒரு அரை மணி நேரம். ஜனம் போயிடும்.”

“சொல்லாம பாடினா?”

“ஜென்மத்துக்கும் அது தலைவர் பாட்டு.”

சொன்னால் பாட நேரமில்லை. பாடினால் சொல்ல நேரமில்லை. ஐஸ் இரண்டாம் வரிசையில்.

6

என்னிடமிருந்த முடிவுகள்:

(அ) அவள் பாடுகிறாள். அடுத்த வாரமே மூன்று கல்யாணங்களில் ‘தலைவர் பாட்டு’ கேட்கிறார்கள். தேர்தலில் அவர் போட்டியின்றி

(ஆ) அவள் சொல்கிறாள். தலைவர் மன்னிப்பைப் பாட்டாகவே

(இ) மழை. (சோம்பேறித்தனம்.)

எதையும் முடிக்க முடியவில்லை. காரணத்தை ஒளித்து வைத்திருந்தேன். சொல்லிவிடுகிறேன்.

இந்த மேடையில் ஒரு பேஸ் கிட்டார்காரன் இருந்தான். கவனித்தீர்களா? கவனித்திருக்க முடியாது, அவனைக் கதையிலிருந்து நான்தான் வெட்டிவிட்டேன். அவனுக்கு அந்தப் பாட்டு தெரியும். மழைக்காலம் முழுக்க முர்த்தினி வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து அவளோடு வாசித்துப் பழகியவன். அவன் வாசிப்பை நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே நொடி நிமிர்ந்து, “இது முர்த்தினியோட பாட்டுய்யா!” என்று கத்தியிருந்தால், தலைவர் எழுந்திருப்பதற்குள் அவள் தொடங்கி நாலு நிமிடமும் பாடியிருக்கலாம். கத்தவில்லை. அடுத்த மாதம் தலைவர் மகளுக்குக் கல்யாணம், எங்கள் குழுவைத்தான் கூப்பிடுவதாகப் பேச்சு. குனிந்து தந்தியைச் சரிசெய்வதுபோல் பாவனை பண்ணினேன். வெட்கமாக இருக்கிறது. எத்தனை வேடிக்கையாக எழுதினாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதனால் முடிவெழுத எனக்கு யோக்கியதை இல்லை. அன்று என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், நான் குனிந்துகொண்டிருந்தேன்.

7

ஐஸ் மூன்றாம் வரிசையைத் தாண்டிவிட்டது. முர்த்தினி ஒலிவாங்கியை வாயருகே கொண்டுவருகிறாள். மூச்சை இழுக்கிறாள். சொல்லப் போகிறாளா, பாடப் போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நேரம் கிடைக்க ஒரே வழிதான் இருக்கிறது, அது என் கையில் இல்லை.

நான்காம் வரிசையில், நடைபாதை ஓரத்து நாற்காலியில் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். இதோ, உங்கள் கோப்பை. தயவுசெய்து மெதுவாகச் சாப்பிடுங்கள்.