ஒட்டுப் போட்ட மேல்செட்

பேருந்து நிலையத்தில் அவரை எல்லோரும் மைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று மைக்கில் சொல்வது அவர் வேலை. தினக்கூலிதான். வராத நாளுக்குக் கூலி கிடையாது.

ஒருநாள் காலை கழுவும்போது கட்டுப்பல்லின் மேல்செட் கைநழுவி வாஷ்பேசினில் விழுந்து நட்டநடுவில் பிளந்துவிட்டது. வேலைக்குக் கிளம்ப இருபது நிமிடம்தான் இருந்தது. மனைவி பார்ப்பதற்குள், செருப்பு ஒட்ட வாங்கி வைத்திருந்த பசையைத் தடவி ஒட்டினார். காய்ந்ததும் மாட்டிப் பார்த்தார். அடுத்தவர் பல்லை இரவல் வாங்கிப் போட்டதுபோல் இருந்தது.

"என்னங்க, வாய் கோணிக்கிட்டு இருக்கு?" என்றாள் மனைவி.

"உன் கண்ணுதான் கோணல்" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு பேச்சு வராமல் பார்த்துக்கொண்டு வெளியேறினார்.

மைக்கைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லோடும் ஒரு விசில் வந்தது. நாக்கு எழும்பும் இடத்தில் எல்லாம் செட் இறங்கி வந்தது. நடத்துநர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று சிரித்தார்கள். அதையும் தாங்கிக்கொண்டார். பதினொரு மணி வாக்கில் ஒரு பெண், தோளில் காய்ச்சலோடு தூங்கும் குழந்தையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"ஐயா, ஆஸ்பத்திரி வண்டி இருபத்திரெண்டுதானே? நீங்க இருபத்தெட்டுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு, ஏறிட்டேன். பாதி வழி போய்த் திரும்பி வர்றேன்."

அவள் கோபப்படவில்லை. தன் காதுதான் சரியில்லையோ என்பதுபோல் கேட்டாள். அதுதான் அவரை அறுத்தது. எழுந்து, அவளைக் கூட்டிப்போய் இருபத்திரண்டில் ஏற்றிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் மைக்கைத் திறக்கவில்லை.

சாயங்காலம் மனைவி அவரைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் பார்த்துவிட்டு, ஈறு சுருங்கிவிட்டது, புதுசு கட்டுவதுதான் நல்லது என்று விலையைச் சொன்னார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரிப்பேர் பண்ண வழியே இல்லைங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"இருக்கும்மா. மாடியில பல் கட்டுறவங்க இருக்காங்க. ஆனா அது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும்."

மாடியில் பல் கட்டுபவள் ஐம்பது வயதுப் பெண். ஏப்ரன் முழுக்க வெள்ளை மாவு. செட்டை விளக்கருகே திருப்பிப் பார்த்தாள்.

"யாரு ஒட்டினது?"

அவர் கையைத் தூக்கினார்.

"ரெண்டு துண்டையும் அப்படியே கொண்டாந்திருந்தா கையோட முடிச்சுக் கொடுத்திருப்பேன். இப்ப இந்தப் பசையைச் சுரண்டணும், அச்சு எடுக்கணும். செட்டை இங்கயே வச்சுட்டு நாளைக்குச் சாயங்காலம் வாங்க. ஒன்றரை நாள் கூலி ஆகும், அவ்வளவுதான்."

அந்தச் செலவு கைக்கு எட்டியது. ஆனால் நாளை யார் அறிவிப்பது? வீட்டுக்குப் போகும் வழியிலேயே பேருந்து நிலைய மேலாளரிடமிருந்து போன் வந்தது. வேறு ஆள் இருந்தால் அனுப்பச் சொன்னார்.

"நான் போறேன்" என்றாள் மனைவி.

அவர் திரும்பிப் பார்த்தார். நேர அட்டவணை மாறும்போதெல்லாம் அவள் வாசிக்க வாசிக்கத்தான் அவர் மனப்பாடம் செய்வார். அவளுக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம். இது அவருக்கு அன்றுதான் உறைத்தது.

மறுநாள் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்க வேண்டும். அவள் மைக்கைப் பிடித்த பிடியில் அது மறந்தே போனது.

"ஆஸ்பத்திரி போறவங்க, இருபத்திரெண்டு மூணாவது நடைமேடையில நிக்குது. ஓடாதீங்க, கிளம்ப இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

'இப்படியெல்லாம் சொல்லக் கூடாது' என்று சீட்டில் எழுதி நீட்டினார். அவள் அதை ஒதுக்கி வைத்தாள். கண்ணாடிக்கு வெளியே, மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நின்று, பையைக் கை மாற்றிக்கொண்டு, மெல்ல நடந்தார். மைக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடமாக உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறதா என்றுதான் கவனித்தாரே தவிர, கேட்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்ததில்லை.

சாயங்காலம் பல் கட்டுபவள் செட்டை மாட்டிவிட்டாள். உள்பக்கம் மட்டும் மெல்லிய ரோஸ் கோடு ஒன்று தெரிந்தது.

"எழுபத்தேழு சொல்லுங்க."

"எழுபத்தேழு." விசில் இல்லை.

"இனிமே பேசின்ல தண்ணி ரொப்பி, அதுக்கு மேல வச்சுக் கழுவுங்க. விழுந்தாலும் உடையாது. இது ஒரு வருஷம் ஓடும். அதுக்குள்ள புதுசுக்குச் சேத்து வைங்க. பசைப் பக்கமே போயிடாதீங்க."

அடுத்த வாரம் மேலாளர் கூப்பிட்டார். "தப்பா நினைக்காதீங்க, அன்னைக்கு அக்கா பேசுனது ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு. காலையில அவங்க, மதியத்துக்கு மேல நீங்க. ஆளுக்கு முக்கால் கூலி."

இரண்டு நாள் அவர் வீட்டில் சரியாகப் பேசவில்லை. "உங்க இடத்தைப் பறிச்சுட்டேன்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"நினைச்சேன்" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்குப் போ. ஆனா நடைமேடை எண்ணை ரெண்டு தடவை சொல்லு, இரைச்சல்ல கேக்காது."

இப்போது அவருடைய முறை இரண்டு மணிக்குத்தான். ஒன்றரைக்கே போய், பயணிகளோடு பயணியாகப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.