ஒரு பானைக்கு முப்பத்தொன்பது சொந்தக்காரர்கள்

என் மருமகள் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. வியாழக்கிழமை கல்வி அதிகாரி வகுப்பைப் பார்க்க வருகிறார், அவருக்குப் பிடிக்காவிட்டால் வரலாற்றுப் பாடவேளையைப் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுத்துவிட்டு இவளைப் பேருந்து வரிசையை ஒழுங்குபடுத்த அனுப்பிவிடுவார் என்று பேச்சு. அதனால் ஏதோ ஓர் அருங்காட்சியகத்தின் இணையதளத்திலிருந்து மூவாயிரம் ஆண்டுப் பழைய பானை ஒன்றைத் திரையில் சுழலவிட்டுப் பாடம் நடத்த முடிவு செய்தாள். கணினியைத் தட்ட ஓர் ஆள் வேண்டும். வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவன் நான்தான்.

"மாமா, நான் சொல்லும்போது பானையைச் சுத்தினா போதும். வேற எதையும் தொடாதீங்க."

"தொடுவேனாம்மா?"

புதன்கிழமை வகுப்பில் நடந்த ஒத்திகை வரை தொடவில்லை. பானைக்குக் கீழே 'உரிமையாளர்: தெரியவில்லை' என்று போட்டிருந்தது. ரயில் நிலையத்தின் தொலைந்த பொருள் அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஒற்றைச் செருப்புக்கும் பல்செட்டுக்கும் ஆள் கண்டுபிடித்தவன். ஒரு யானையையே கையெழுத்து வாங்கிக்கொண்டு உரியவரிடம் ஒப்படைத்தவன். என்னிடமா தெரியவில்லை என்பது? மருமகள் வெளியே போன பத்து நிமிஷத்தில் முப்பத்தொன்பது பிள்ளைகளிடமும் உரிமைகோரல் படிவம் எழுதி வாங்கி, 'இப்பொருள் பற்றித் தெரிந்தவர்கள் எழுதலாம்' என்ற பெட்டி வழியாக அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அதிகாரி கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்க, திரையில் அருங்காட்சியகத்தின் பதில் வந்து நின்றது. அங்கேயும் என் ஜாதகக்காரர் ஒருத்தர் வேலை பார்க்கிறார் போலிருக்கிறது. 'முப்பத்தொன்பது கோரிக்கைகளும் ஏற்கப்பட்டன. வாரம் ஒருவர் வீதம், வரலாற்றுப் பாடவேளையில் மட்டும், ஆதாரத்துடன் வாதிடவும்.'

மருமகள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பானை இன்னொரு தடவை சுட்டு எடுக்கப்பட்டிருக்கும்.

அதற்குள் முதல் வரிசைச் சிறுமி எழுந்துவிட்டாள். "டீச்சர், அது எங்க வீட்டுப் பானை. அடியில கரி பாருங்க. எங்கம்மாவும் அடுப்பை மறந்துடுவாங்க."

"கரி வெளியிலதான் இருக்கு, உள்ள பிசுக்கே இல்ல. அது வெந்நீர்ப் பானை. உங்க வீட்டுல எவன் குளிக்கிறான்?" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

மருமகள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். "சரி, சண்டை அப்புறம். அந்தக் கரியோட வயசை எப்படிக் கண்டுபிடிப்பாங்க? எந்த மண்ணடுக்குல கிடைச்சுதுன்னு போட்டிருக்கு, படிங்க."

படித்தார்கள். மண்ணடுக்கை வைத்து அடித்துக்கொண்டார்கள். கடைசியில் அதிகாரி எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"கொஞ்சம் இடதுபக்கம் சுத்துங்க. அந்த வாய் உடைஞ்சிருக்கே, அது நான் உடைச்சது."

"எப்ப சார்?" என்றாள் சிறுமி.

"சின்ன வயசுல."

"இது மூவாயிரம் வருஷம் சார்."

"எனக்கும் வயசாயிடுச்சும்மா." என் பக்கம் திரும்பினார். "படிவம் மிச்சம் இருக்கா?"

நாற்பதாவது கோரிக்கை அவருடையது. வழக்கு முடியும்வரை வரலாற்றுப் பாடவேளையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டார்.

மருமகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். தலையில்லாத ஒரு சிலை சுழன்றுகொண்டிருந்தது.

"நாப்பது வாரத்துல பானை முடிஞ்சிடும் மாமா," என்றாள். "இதுக்கும் ஆள் இல்லையாம்."